வாசல் அடி

என் மகனுக்கு,

நீ செம்பூருக்குக் குடிபோன மறுநாள் காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்த உன் அம்மா, திறந்த வேகத்திலேயே மூடிவிட்டாள். வெளியே கதவில் ஒரு செருப்பு மாலை தொங்கியது. பிய்ந்த செருப்புகளையும் பழைய ஃபுட்பால் ஷூக்களையும் சணலில் கோத்திருந்தார்கள். நடுவில் உன் முகம். போன வருஷம் கோப்பை ஜெயித்தபோது உனக்கு வைத்த ஃப்ளெக்ஸிலிருந்து வெட்டி எடுத்தது. இரண்டு கண்ணையும் சிகரெட்டால் சுட்டு ஓட்டை போட்டிருந்தார்கள். கீழே இந்தியில் 'கத்தார்' என்று எழுதியிருந்தது. துரோகி என்று தமிழில் எழுதக்கூடத் தெரியாத நம் கிளப் பயல்கள். அவர்களுக்கு நான் என்னதான் சொல்லிக் கொடுத்தேன் என்று யோசித்துக்கொண்டே மாலையை அறுத்து எடுத்தேன். அந்த யோசனைதான் இந்தக் கடிதம்.

நீயும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். உன் பெண்டாட்டி மலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. ஒரு நாள் முழுக்க ஆனாலும் நீயே படி. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்திவிடுவேன், நாலாவதில் நீ வைத்துவிடுவாய். இந்தியில் எழுதலாம் என்றால் எனக்கு இந்தியில் பேரம் பேசவும் வையவும்தான் வரும். நீ கடைசி வரைக்கும் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் கால் எலும்பு முழுசாக இருப்பது இதில்தான் இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. தெரிந்ததை நீ என் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. தாராவித் தோல் பட்டறைகளில் வேலை பார்த்த நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஆரம்பித்த ஃபுட்பால் கிளப் நம்முடையது. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரே அறை. ஒரு பீரோ, அதன் மேல் கோப்பைகள், அம்மன் படம், இரண்டு பெஞ்ச். செம்பூர் கிளப்புக்கு ஒரு பில்டர் முதலாளி, பச்சைப் புல்தரை, அடிபட்டால் பார்க்க டாக்டர். நமக்கு ரோஷம் ஒன்றுதான் சொத்து. அங்கே மேனேஜர் என்றால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பவர். இங்கே மேனேஜர் என்றால் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து சுளுக்கிய காலுக்குத் துணி சுற்றுவதுவரை எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வேலையும் அவருடையது. பேர் கூப்பிடுவது.

தோற்றுவிட்டு வந்தால் அந்த அறைக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. வாசலில் கேப்டன் நிற்பான். மேனேஜர் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் வந்தவன் முதுகைக் காட்டி நிற்பான். உள்ளங்கையால் முதுகில் ஒரே ஒரு அறை. அப்புறம் உள்ளே போனால் டீயும் வடா பாவும். வாசல் அடி என்று அதற்குப் பெயர். வாங்கியவன் நம்ம ஆள். ஒரு தடவை மாஹிமிலிருந்து ஒருவன் எங்களுக்காக ஒரே ஒரு மேட்ச் ஆட வந்தான். தோற்ற பிறகு அவனும் வரிசையில் வந்து நின்றான். 'நீ போப்பா, ஒனக்குக் கிடையாது' என்று அனுப்பிவிட்டோம். அவன் முகம் தொங்கிப் போயிற்று. அடி கிடைக்கவில்லை என்று ஒருவன் வருத்தப்பட்டதை நாங்கள் வருஷக்கணக்கில் பெருமையாகச் சொல்லிச் சிரித்தோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள் அல்லவா, அதுதான் எங்களுக்கு வேதம். கேப்டனுக்கு யார் அடி கொடுப்பது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேப்டனாக இருந்த நானும் கேட்கவில்லை.

உள்ளங்கை எப்போது செருப்பாயிற்று, செருப்பு எப்போது மூங்கிலாயிற்று என்று நினைவில்லை. எல்லாம் என் காலத்தில்தான். கேப்டன் பதவியை விட்டுக் கிளப் தலைவரானபோது அடிக்கிற உரிமையையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

நான் கேப்டனாக இருந்த காலம், எனக்கு இருபத்தெட்டு வயது. உன் அம்மா உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். தங்கராஜ் அண்ணாச்சி அப்போது மேனேஜர். மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் வேலை. அதிர்ந்து பேசாத மனுஷன். செம்பூருக்கு எதிராக ஃபைனல். மழை, சேறு, கடைசி நிமிஷம். நம் கோல்கீப்பர் காஜா, கடையநல்லூர்க்காரப் பையன், பத்தொன்பது வயது, கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். தோற்றோம். வாசலில் நான் கார்னர் கொடி கட்டிய மூங்கிலோடு நின்றேன். அண்ணாச்சி ஒன்பது பேரைக் கூப்பிட்டார். காஜா பேரைக் கடைசியில் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"வேண்டாம்லே. பய ஏற்கனவே அழுதுட்டு நிக்கான். இன்னைக்கு ஒரு நாளு விட்டுரு."

"இன்னைக்கு விட்டா எப்பவும் விடணும். கூப்பிடுங்கன்னேன்."

கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்காத குரலில் கூப்பிட்டார். காஜா பயத்தில் திரும்பினான், அதனால்தான் அடி காதில் பட்டது என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். பொய். முதல் அடி முதுகில்தான் விழுந்தது. அவன் 'உம்மா' என்று அலறினான். வாசல் அடிக்கு யாரும் சத்தம் போடக் கூடாது. சத்தம் போட்டதற்காக இரண்டாவதாக ஓங்கினேன். அது காதுக்கென்றே ஓங்கியது. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சேற்று ஜெர்சியோடு கலந்தது. அவனையும் உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். அந்தக் காது அன்றோடு போயிற்று.

அடுத்த வாரம் தங்கராஜ் அண்ணாச்சி கமிட்டி முன்னால் வந்து நின்றார். "செம்பூர்க்காரன் டபுள் பகார் தாரேங்கான். நான் போறேன்" என்றார். அவ்வளவுதான். காஜாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரட்டைச் சம்பளத்துக்காக எதிரி வீட்டு வாசலில் போய் நின்ற மனுஷன் என்று தெருவே காறித் துப்பியது. முதலில் துப்பியவன் நான்.

நானும் இரண்டு பேரும் அவருக்காக மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காத்திருந்தோம். சாயங்காலம், அச்சகம் விடுகிற நேரம். பூக்கடைகளில் கூட்டம். என்னிடம் பேப்பரில் சுற்றிய இரும்பு பைப். அவர் கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். முதல் அடி இடது முழங்காலில். எலும்பு உடைந்தது பைப் வழியாக என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. விழுந்தவரை மற்ற இருவரும் மிதித்தார்கள். அதே முழங்காலில் நான் இன்னொரு தடவை போட்டேன். டப்பா திறந்து ரோட்டில் மிச்சச் சோறு சிதறியிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "எம் பேர யாருலே கூப்பிட்டா?" என்று கேட்டார். வலியில் உளறுகிறார் என்று நினைத்து ஓடினோம். சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுசோறு கேட்டு வாங்கினேன்.

போலீஸ் கேட்டதற்கு, ரயில் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. பயந்துவிட்டான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்தக் கதையை வீரக் கதையாக நான் கிளப்பில் எத்தனை பயல்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது உனக்கே தெரியும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் சொல்வேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஒன்பது வயதில் மாட்டுங்காவில் பள்ளிக்கூட மேட்ச்சில் தோற்றுவிட்டு வந்தாய். நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தேன். நீ பையைக் கீழே வைத்தாய். திரும்பி முதுகைக் காட்டி நின்றாய். நான் கேட்கவில்லை, கூப்பிடவில்லை, நீயாகவே நின்றாய். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. என் பிள்ளையடா என்று நினைத்துக்கொண்டு ஓங்கி ஒன்று கொடுத்தேன். நீ சுவரில் போய் மோதி, சத்தம் போடாமல் உள்ளே போனாய். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "நீங்க புள்ளைக்கு அப்பனா, இல்ல வாசல்ல நிக்க போலீஸா?" என்று கேட்டாள். பொம்பளைக்கு ஆட்டம் என்ன தெரியும் என்று சாப்பிட்டேன்.

ஆறு வருஷம் நீ நம் கிளப்புக்கு மேனேஜராக இருந்தாய். உன்னைப் போல ஜெயித்தவர் யாரும் இல்லை. தாராவியே உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாலும் நீ சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, கோப்பை மேல் என்ன வெறி இந்தப் பயலுக்கு என்று பூரித்துப் போவேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நீ ஜெயித்தால் அன்றைக்கு வாசலில் யாருக்கும் அடி இல்லை. பயல்களின் முதுகைக் காப்பாற்ற உனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்காகத்தான் அவ்வளவு மேட்ச்சும் ஜெயித்தாய் என்று நான் நினைக்கிறேன். தப்பென்றால் சொல்.

போன மாதம் செமி ஃபைனல். இசக்கி பெனால்டியைக் கம்பிக்கு மேலே அடித்தான். கோவண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஆடுகிற பயல், அப்பா இல்லாத பயல், என்னைப் பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். வாசலில் நீ பத்துப் பேரைக் கூப்பிட்டாய். பதினொன்றாவது அவன். நோட்டை மூடினாய்.

"முடிஞ்சிட்டு. எல்லாரும் உள்ள போங்க" என்றாய்.

"இன்னும் ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

"நான் கூப்பிடல."

அறுபத்தொரு வயதுக் கிழவனுக்கு அத்தனை பேர் முன்னால் வந்த கோபம் அது. நான் முதுகைத் தேடவில்லை. முகத்தில் குத்தினேன். என் மோதிரம் அவன் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஏழு தையல். மறுபடி ஓங்கியபோது நீ நடுவில் வந்தாய். அந்தக் குத்து உன் வாயில் விழுந்தது. உதட்டில் ரத்தத்தோடு என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் பிடி என் பலத்தை விட எவ்வளவோ பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நினைத்திருந்தால் என்னைத் திருப்பி அடித்து விழத்தட்டியிருக்கலாம். பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாய். நான் மூச்சு வாங்கி ஓய்கிறவரைக்கும் நின்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் வந்து, "செம்பூர்ல டபுள் தாராவ. போறேன்" என்றாய். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்றார்கள். நான் பீரோ மேல் இருந்த கோப்பையை எடுத்து உன் தலைக்குக் குறி வைத்து எறிந்தேன். நீ குனிந்துகொண்டாய். அம்மன் படத்துக் கண்ணாடி நொறுங்கியது. இனி நீ என் பிள்ளையே இல்லை என்று கத்தினேன். நீ கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பேப்பரில் போட்டு வைத்துவிட்டுப் போனாய்.

செருப்பு மாலையை அறுத்தெடுத்த அன்றுதான் எனக்கு உறைத்தது. முப்பத்து மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு மேனேஜர்கள், ஒரே வார்த்தை. இருவரும் அதே செம்பூருக்கு. பஸ் பிடித்து நேரே தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். செம்பூரில்தான் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருக்கத் தெரிந்து வைத்திருந்தேன். எழுபத்தைந்து வயது. இடது கால் மடங்காது, ஒரு முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாலே. உக்காரு" என்றார். நேற்று பார்த்துப் பிரிந்தவரைப் போலச் சொன்னார். மதினி எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஏன் போனிய?" என்று கேட்டேன்.

"காசுக்குத்தான். அப்பவே சொன்னேன்லா."

உள்ளேயிருந்து மதினி வந்தார்கள். "இன்னும் எதுக்கு அந்தப் பொய்யச் சொல்லுதிய? காஜா காதுல வந்த ரத்தத்த இந்தக் கையாலதான் தொடச்சேன். 'நான் பேர் கூப்பிட்டேன், அடி விழுந்துட்டு'ன்னு நாலு நாளு நீங்க சாப்பிடல. இந்த ஆளு வந்து கேக்கும்போதாச்சும் சொல்லித் தொலைங்க."

அண்ணாச்சி காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "காசு இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தாம்லே. செம்பூர்க்காரன் தந்தான், வாங்குனேன். புள்ளைகளப் படிக்க வச்சேன். ஆனா இனிமே யார் பேரையும் அடிக்கதுக்காகக் கூப்பிட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் அவன்ட்ட போனேன். அடி விழாத இடம் எதுன்னு பாத்தேன். அது பணக்காரன் இடமா இருந்துச்சு."

"அத அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா சிரிச்சிருப்பிய. அடிக்குப் பயந்த பயன்னு சொல்லிருப்பிய. காசுன்னா எல்லாருக்கும் புரியும். காசுக்குப் போறவன வையலாம், மண்ணள்ளித் தூத்தலாம், அத்தோட முடிஞ்சிரும். ஒங்க கைதான் காரணம்னு சொல்லிட்டேன்னு வையி, ஒவ்வொரு பயலும் தன் முதுகத் தடவிப் பாத்திருப்பான். கிளப்பு நின்னிருக்காது. நானும் சேந்து உண்டாக்குன கிளப்புலே அது."

நான் அவர் காலைத் தொடப் போனேன். தட்டிவிட்டார். "அதத் தொடாத. அந்தக் காலு ஒன்ன மன்னிச்சாச்சான்னு எனக்கே தெரியாது" என்றார். பிறகு அவராகவே உன்னைப் பற்றிப் பேசினார். உன் டீம் ஆடிய ஆட்டமெல்லாம் செல்போனில் பார்த்திருக்கிறார். உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "செம்பூர்க்காரன் நல்லவன்னு நெனச்சிராதன்னு சொல்லு. அவனுக்குத் தோத்தா ஒண்ணும் போகாது, அதான் அடிக்க மாட்டான். நம்ம ஆளு ஆறு நாளும் பட்டறையில தோத்துட்டு ஏழாம் நாளு ஜெயிக்க வாறான். அதுவும் போச்சுன்னா கை சும்மா இருக்காது. ரெண்டையும் பாத்தவன் நான். எட்டு வருசம் கழிச்சி ஒருத்தன் வந்து 'நாளையில இருந்து வரவேண்டாம்'னு சொன்னான். ஒரு டீ கூட வாங்கித் தரல."

அதனால் சொல்கிறேன். அங்கே யாரும் கை ஓங்கவில்லை என்பதற்காக அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னைத் தேவைப்படுகிறவரை வைத்திருப்பார்கள். நீயும் அப்படியே இரு. பயல்களிடம் மட்டும் அப்படி இருக்காதே. தோற்றவனோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடி. மலருக்கு இது ஐந்தாவது மாதம் என்று அம்மா சொன்னாள். அந்தப் பிள்ளை தோற்றுவிட்டு வருகிற நாளில் வாசலிலேயே நிற்காமல் நேரே உன் மடிக்கு ஓடி வரவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் கேள்.

நேற்று சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் இசக்கி. தையல் பிரித்த புருவம் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது. கையில் பேப்பரில் சுற்றிய பைப். நான் சொன்ன கதையில் வருகிற மாதிரியே சுற்றியிருந்தார்கள்.

"பெரியப்பா, ஞாயித்துக்கெழம அண்ணன் செம்பூர் டீமோட நம்மகூட மேட்ச்சுக்கு வருவாவல்லா. கிரவுண்டு டென்ட்டுக்குப் பின்னால வச்சி முடிச்சிருவோம். முட்டிய மட்டும்தான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

தலைவர் வார்த்தை இல்லாமல் கை வைக்கக் கூடாது என்பது கிளப் வழக்கம். அதையும் நான்தான் ஏற்படுத்தினேன். "ஒன் புருவத்தக் கிழிச்சது யாருலே?" என்று கேட்டேன்.

"நீங்கதான் பெரியப்பா."

"நடுவுல வந்து தடுத்தது?"

"அண்ணன்."

"பெறவு அவன எதுக்குலே அடிக்கணும்?"

இசக்கி சிரித்தான். எனக்கு விளங்காததை எனக்கே விளக்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "நீங்க அடிச்சது உரிம பெரியப்பா. எங்கப்பா இருந்தா அவரு அடிச்சிருப்பாரு. அண்ணன் எங்கள விட்டுட்டுல்லா போயிட்டாவ."

கத்தினேன். என் மகன் காசுக்குப் போகவில்லை, என் கைக்குத்தான் போனான், அடிக்க வேண்டுமென்றால் இந்த முட்டியில் அடிங்கடா என்று காலை நீட்டிக் கத்தினேன். பெத்த பாசத்தில் பேசுகிறார் என்று அவர்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் என்னைச் சமாதானப்படுத்தத் தோளைத் தட்டினான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இசக்கியின் காலில் விழுந்தேன். விழுந்து இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டேன். நாலு பேரும் நெருப்பை மிதித்தவர்கள் மாதிரிப் பின்னால் துள்ளினார்கள். என் அடியையெல்லாம் தாங்கிய பயல்களுக்கு அதைத் தாங்க முடியவில்லை. "ஒன்ன அடிச்சது தப்புலே. ஒரு அடியும் உரிம இல்ல. எல்லாம் என் வெறி" என்றேன்.

இசக்கியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்பம் இத்தன வருசமா எங்கள எதுக்கு அடிச்சிய?" என்று கேட்டான். இன்னொரு தடவை கேட்டான், இந்தத் தடவை அழுகையும் ஆத்திரமுமாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. பைப்பை ஓங்கினான். ஓங்கிய கை என் தலைக்கு மேல் நின்றது. நான் நகரவில்லை. சுவரில் அடித்தான், மறுபடி மறுபடி அடித்தான், காரை பெயர்ந்து விழுந்தது, உன் அம்மா ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடித்தாள். அவள் தோளில் கொஞ்ச நேரம் கிடந்து அழுதான். பிறகு உதறிக்கொண்டு போய்விட்டான், பைப்பையும் எடுத்துக்கொண்டு.

நான் வார்த்தை கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் இனி என் வார்த்தைக்குக் காத்திருப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை டென்ட்டுக்குப் பின்னால் தனியாகப் போகாதே. போலீஸுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல். என்னைப் பற்றியும் சேர்த்துச் சொல், காஜா காதையும் அண்ணாச்சி முழங்காலையும் சொல், நான் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நானும் அம்மாவும் வந்து உன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்போம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பேசட்டும். யாராவது உன்னிடம் ஏன் போனாய் என்று கேட்டால், காசு என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. அப்பன் அடிப்பான், அதனால் போனேன் என்று சொல். கிளப் மூடிப்போனால் போகட்டும்.

இன்னொன்று கேட்கிறேன். ஒரு கிளப்பின் தலைவன் எதிரி மேனேஜரிடம் கேட்கக் கூடாதது இது. இசக்கியை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை அவன் உன்னை நோக்கி வருவான். அடிக்க வருகிறானா, உன்னோடு சேர வருகிறானா என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். எதற்கு வந்தாலும் என்னைப் பிடித்த மாதிரி அவன் கையைப் பிடி, ஓய்கிறவரை பிடித்துக்கொண்டு நில், பிறகு கூட்டிக்கொண்டு போ. நம்மிடம் இருக்கிற நல்ல ஆட்டக்காரன் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் நாங்கள் எல்லா மேட்ச்சும் தோற்போம். தோற்கட்டும். தோற்றுவிட்டு வருகிற பிள்ளைகளை வாசலில் நின்று வேறு என்ன செய்வது என்று இந்த வயதில் நான் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பா